மைசினிடம் 'ஏன்?' என்று கேட்டால்

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். உடம்பு தூக்கிப் போடுகிற குளிர், ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும் என்றார்கள். ஆனால் ஊசி மருந்து அன்றிரவே ஆரம்பித்துவிட்டது. என்ன கிருமின்னே தெரியாம எப்படி மருந்து போடுறாங்க? பயத்தில் டியூட்டி டாக்டரிடம் கேட்டேவிட்டேன்.

சின்ன வயசு டாக்டர். எரிச்சல்படாமல் நின்று பதில் சொன்னார். "அப்பாவுக்கு யூரின் ட்யூப் போட்டுப் பத்து நாள் ஆச்சு. அங்கேருந்து ரத்தத்துக்குப் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த வழியா வர்ற கிருமி பெரும்பாலும் இந்த வகைதான், அதுக்கு இந்த மருந்து கேட்கும். கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்கு, அதனால டோஸைக் குறைச்சிருக்கேன்." அவ்வளவுதான். எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்ற பேராசிரியரின் பழைய ஆய்வை அதற்கப்புறம்தான் படித்தேன். படிக்கும்போது அந்த டாக்டரின் குரல்தான் காதில் கேட்டது. அவர் எனக்குச் சொன்ன பதிலின் வடிவத்தை, கிட்டத்தட்ட அப்படியே, 1970-களில் ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் இவர்.

ஷார்ட்லிஃப் 1947-ல் கனடாவின் எட்மன்டனில் பிறந்தவர். ஹார்வர்டில் பயன்பாட்டுக் கணிதம் படித்துவிட்டு, 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் மருத்துவம் சேர்ந்தார். டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே கணினி ஆராய்ச்சியும் செய்தார். 1975-ல் பிஎச்.டி., அடுத்த வருஷம் எம்.டி. இப்போது 'உயிர்மருத்துவத் தகவலியல்' என்று தனித்துறை இருக்கிறது. நோயாளியைப் பற்றிய தகவலை எப்படிச் சேர்ப்பது, எப்படி வைப்பது, அதிலிருந்து எப்படி முடிவெடுப்பது என்பதுதான் அதன் வேலை. அன்றைக்கு அப்படி ஒரு துறை கிடையாது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்த சிலர் மட்டும் இருந்தார்கள்.

அவருக்கு வழிகாட்டியவர்களைப் பாருங்கள். ஒருவர் புரூஸ் புக்கானன். வேதிச் சேர்மங்களின் அமைப்பைக் கண்டுபிடிக்கும் டென்ட்ரல் என்ற செயற்கை நுண்ணறிவு நிரலில் வேலை செய்தவர். இன்னொருவர் ஸ்டான்லி கோஹன். ஆமாம், 1973-ல் ஹெர்பர்ட் போயருடன் சேர்ந்து மரபணுப் பொறியியலுக்கு அடிக்கல் போட்ட அதே கோஹன்தான். அவருக்கு மருந்துகளிலும் அக்கறை இருந்தது. கூடவே ஸ்டான்டன் ஆக்ஸ்லைன் என்ற தொற்றுநோய் நிபுணர். இந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் மைசின். எரித்ரோமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் என்று பல ஆன்டிபயாடிக் பெயர்களின் வால் 'மைசின்' இல்லையா, அந்த வாலையே பெயராக வைத்துவிட்டார்கள்.

மைசின் எடுத்துக்கொண்ட கேள்வி அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் நான் கேட்ட கேள்வியேதான். கல்ச்சர் ரிப்போர்ட் முழுசாக வரவில்லை, நோயாளி காத்திருக்க முடியாது. எந்தக் கிருமியாக இருக்கலாம், எந்த மருந்து, எவ்வளவு டோஸ்?

நிபுணர்களிடம் கேட்டுக் கேட்டு சுமார் 500 விதிகளை எழுதினார்கள். ஒரு விதி ஏறக்குறைய இப்படி இருக்கும்: தொற்று ரத்தத்தில் இருக்கிறது, மாதிரி எடுத்த இடம் இயல்பாகக் கிருமியே இருக்கக்கூடாத இடம், கிருமி குடல் வழியாக நுழைந்திருக்கும் என்று சந்தேகம் — அப்படியானால் அது பாக்டீராய்ட்ஸ் என்பதற்கு 0.7 அளவு ஆதாரம் இருக்கிறது. மைசின் பின்னோக்கி யோசிக்கும். 'இது பாக்டீராய்ட்ஸா?' என்ற கேள்வியை முதலில் வைத்துக்கொண்டு, அதைச் சொல்ல என்னவெல்லாம் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். தெரியாத இடம் வந்தால் டாக்டரிடம் கேட்கும்.

டாக்டர் பதிலுக்கு 'ஏன்?' என்று தட்டலாம். 'இதை எதுக்குக் கேட்கிறே?' என்று அர்த்தம். உடனே மைசின் தான் அப்போது சோதித்துக்கொண்டிருக்கும் விதியை ஆங்கில வாக்கியமாகவே காட்டும். மறுபடி 'ஏன்?' என்றால் அதற்கு மேலே இருக்கும் விதியைக் காட்டும். முடிவு சொன்ன பிறகு 'எப்படி?' என்று கேட்டால், எந்தெந்த விதிகள் வழியாக அங்கே வந்தது என்று சொல்லும். இதற்குப் பெரிய மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. மருத்துவ அறிவு விதிகளாகத் தனியாக இருக்கிறது, அந்த விதிகளை ஓட்டுகிற நிரல் தனியாக இருக்கிறது. ஆகவே எந்த விதி ஓடுகிறதோ அதை எடுத்துக் காட்டினாலே போதும், அது விளக்கமாகிவிடுகிறது. விதிகளை உருவிவிட்டு மிச்சமிருந்த கூட்டுக்கு இமைசின் என்று பெயர் வைத்தார்கள். அதில் நுரையீரல் சோதனை விதிகளைப் போட்டு பஃப் என்ற இன்னொரு நிரலும் வந்தது.

அந்த 0.7 என்ன கணக்கு? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நிகழ்தகவு என்றால் 0.7 ஆம் என்றதும் 0.3 இல்லை என்று ஆகிவிடும். ஆனால் நிபுணர்கள் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. 'இந்த ஆதாரம் பாக்டீராய்ட்ஸ் பக்கம் 0.7 சாய்கிறது, சரி. அதே ஆதாரம் 0.3 அளவுக்கு எதிராகவும் பேசுகிறது என்று நான் சொல்லவே இல்லையே' என்பது அவர்கள் வாதம். நம்மூரில் 'இருக்கும்னு தோணுது' என்று சொல்கிறவர் 'இல்லைன்னும் கொஞ்சம் தோணுது' என்று சேர்த்துச் சொல்வதில்லை, அது மாதிரி. அதனால் -1 முதல் +1 வரை போகும் ஓர் உறுதி எண்ணை ஷார்ட்லிஃபும் புக்கானனும் 1975-ல் முன்வைத்தார்கள். ஒரே முடிவுக்கு ஆதரவாக 0.7, 0.4 என்று இரண்டு விதிகள் வந்தால், மிச்சமிருக்கும் 0.3 இடைவெளியில் 0.4 பங்கை நிரப்பிக்கொள்ள வேண்டும். 0.7 + 0.12 = 0.82. எத்தனை ஆதாரம் சேர்ந்தாலும் 1-ஐத் தாண்டாது. (அப்பா விஷயத்தில் மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் ஊகித்த கிருமியேதான். மருந்தை மட்டும் கொஞ்சம் குறுகிய வீச்சுள்ளதாக மாற்றினார்கள்.)

இந்தக் கணக்கில் ஓட்டை உண்டு. அதற்குச் சரியான நிகழ்தகவு அர்த்தம் கொடுக்க வேண்டுமென்றால், நிஜத்தில் அரிதாகவே உண்மையாக இருக்கும் சில அனுமானங்கள் தேவை என்று ஸ்டான்ஃபோர்டில் படித்த டேவிட் ஹெக்கர்மன் 1986-ல் காட்டினார். 1992-ல் அதே ஹெக்கர்மனோடு சேர்ந்து ஷார்ட்லிஃப் ஒரு கட்டுரை எழுதுகிறார்: உறுதி எண்ணை விட்டுவிட்டு நிகழ்தகவு வலைப்பின்னல்களுக்கு ஏன் போக வேண்டும் என்று. தன் பிஎச்.டி.யின் முக்கியமான துண்டுக்குத் தானே வழியனுப்பு எழுதுவது எத்தனை பேரால் முடியும்?

மைசின் உண்மையிலேயே நன்றாக வேலை செய்ததா? 1979-ல் ஜாமா இதழில் விக்டர் யூவும் குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூளைக்காய்ச்சல் நோயாளிகள் 10 பேர். அவர்களுக்கு மருந்து எழுதியவர்கள்: ஸ்டான்ஃபோர்டின் தொற்றுநோய்ப் பேராசிரியர்கள் ஐந்து பேர், பயிற்சியில் இருந்த டாக்டர்கள் இருவர், ஒரு மாணவர், பிறகு மைசின். நோயாளிக்கு உண்மையில் கொடுத்த சிகிச்சையும் பட்டியலில் ஒன்று. யார் எழுதியது என்று மறைத்து வெளியூர் நிபுணர்கள் 8 பேரிடம் கொடுத்தார்கள். மைசின் எழுதியது ஏற்கத்தக்கது என்று வந்த மதிப்பீடு 65 சதவீதம். ஐந்து பேராசிரியர்களுக்குக் கிடைத்தது 42.5 முதல் 62.5 சதவீதம் வரை.

'கம்ப்யூட்டர் நிபுணரை ஜெயித்தது' என்று பல இடங்களில் இதை எழுதுவார்கள். எனக்கு மற்ற பக்கம்தான் கண்ணில் படுகிறது. ஐந்து பேராசிரியர்களில் ஒருவரால்கூட, தன் துறைக்காரர்களே பெயர் தெரியாமல் மதிப்பிட்டபோது, மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வாங்க முடியவில்லை. சரியான விடை என்று ஒன்று உட்கார்ந்திருக்கவில்லை. எட்டு நிபுணர்கள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத இடத்தில் 'ஏன்?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் வெறும் விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இவ்வளவு நன்றாகச் செய்த மைசின் கடைசிவரை ஒரு வார்டிலும் வழக்கமான உபயோகத்துக்கு வரவில்லை. ஒரு நோயாளிக்கு ஆலோசனை வாங்க அரை மணி நேரம் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் தட்ட வேண்டும். நோயாளியின் விவரம் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தால்தானே அது தானாக எடுத்துக்கொள்ளும்? அன்று எல்லாம் காகிதம். பெரிய பொதுக் கணினியில், பலர் பங்கிட்டுக்கொள்ளும் நேரத்தில் அது ஓடியது. ரத்தத் தொற்று, மூளைக்காய்ச்சல் தாண்டி அதற்கு அதிகம் தெரியாது. தப்பானால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வேறு. அதன் விளக்கத்துக்கும் எல்லை இருந்தது. எட்டு வயதுக்குக் குறைவான குழந்தைக்கு டெட்ராசைக்ளின் கொடுக்காதே என்று மைசினுக்குத் தெரியும். ஏன் என்றால் விதியைத்தான் திருப்பிச் சொல்லும். அந்த மருந்து வளரும் பல்லில் படிந்து நிறத்தைக் கெடுத்துவிடும் என்பது விதிக்குள் இல்லை. மைசினை வைத்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் பார்த்த வில்லியம் கிளான்ஸி இதைத்தான் கண்டுபிடித்து எழுதினார்.

ஷார்ட்லிஃபின் மிச்ச வாழ்க்கை இந்தத் தோல்வியிலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் கணிப்பு. 1981-ல் ராண்டி டீச்சோடு சேர்ந்து, இப்படிப்பட்ட கருவியிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று டாக்டர்களிடம் கேட்டு எழுதினார். பட்டியலின் உச்சியில் வந்தது 'தன் முடிவை விளக்க வேண்டும்'. 'சிகிச்சையில் ஒருபோதும் தவறே செய்யக்கூடாது' என்பது அடிமட்டத்துப் பக்கம் கிடந்தது. டாக்டர்களுக்குத் தெரியும், தவறாதது என்று எதுவும் இல்லை.

அதே வருஷம் ஆன்கோசின் என்ற அடுத்த நிரல் ஸ்டான்ஃபோர்டின் புற்றுநோய் கிளினிக்கில் இறங்கியது. இந்த முறை கேள்வி-பதில் கிடையாது. கீமோதெரபி நோயாளிக்கு டாக்டர்கள் வழக்கமாக நிரப்பும் அட்டவணைப் படிவத்தையே திரையில் கொண்டுவந்தார்கள். டாக்டர் தன் வேலையைச் செய்கிறார், நிரல் பக்கத்திலிருந்து டோஸை முன்மொழிகிறது, பிடிக்காவிட்டால் டாக்டர் மாற்றிக்கொள்ளலாம். இங்கே ஆராய்ச்சி நுண்ணறிவைப் பற்றியது என்பதைவிட, ஒரு படிவத்தைப் பற்றியது.

பிறகு அவர் ஆட்களை உருவாக்கப் போய்விட்டார். ஸ்டான்ஃபோர்டில் இதற்கென்றே பட்டப்படிப்பு, 1990-ல் முதல் பதிப்பு வந்த பாடப்புத்தகம், 2000-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர், அரிசோனா பல்கலைக்கழகம் ஃபீனிக்ஸில் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்கு முதல் டீன், 2009 முதல் 2012 வரை அமெரிக்க மருத்துவத் தகவலியல் சங்கத்தின் தலைமை. முதலில் 'மருத்துவத் தகவலியல்' என்றிருந்த பாடப்புத்தகத் தலைப்பு 2006 பதிப்பில் 'உயிர்மருத்துவத் தகவலியல்' ஆனது. 2021-ல் ஐந்தாம் பதிப்பு வந்தது.

2018-ல் மார்ட்டின் செபுல்வேதாவோடு சேர்ந்து ஜாமாவில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். செயற்கை நுண்ணறிவு வார்டுக்குள் வர என்னென்ன வேண்டும் என்று அதில் வரிசையாகச் சொல்கிறார்கள். முதல் வரியே, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத கறுப்புப் பெட்டி ஏற்கத்தக்கதல்ல என்பது. அடுத்தது, டாக்டருக்கு நேரம் இல்லை என்பது.

மைசினை நேராகவே படித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு, 1984-ல் புக்கானனும் ஷார்ட்லிஃபும் தொகுத்த தடிமனான புத்தகம் இருக்கிறது. முழுசாக வேண்டாம். டாக்டருக்கும் மைசினுக்கும் நடக்கும் மாதிரி உரையாடலை மட்டும் தேடிப் படியுங்கள். டாக்டர் 'ஏன்?' என்று தட்டும் இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.