உஷார்! ராத்திரியில் ஆளில்லாமல் ஓடும் நுண்ணோக்கி

"அண்ணே, நேத்து சாயங்காலம் ஓட விட்டுட்டு வீட்டுக்குப் போனேன். காலையில வந்து பாத்தா லாகின் பக்கம்தான் நிக்குது. ரெண்டரை மணிக்கு மேல எடுத்த படம் ஒண்ணுகூட இல்ல."

மலாக்காவின் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பட்டம் முடித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கி வேலைக்கு வந்த ஒரு தம்பி போனில் இப்படிப் புலம்பினான். எந்த ஆய்வகம் என்பது வேண்டாம். நடந்தது இதுதான்: நள்ளிரவு தாண்டி விண்டோஸ் தானாகவே புதுப்பித்துக்கொண்டு மறுபடி தொடங்கியிருக்கிறது. நுண்ணோக்கி மட்டும் விழித்திருந்தது. எலக்ட்ரான் கற்றை விடியும்வரை ஒரே இடத்தில் விழுந்ததில் மாதிரியின் மேல் கரும்பட்டையாய்க் கறை. அந்த மாதிரியை மறுபடி படமெடுக்க முடியாது.

மலாக்காவில் இது யாரோ நாலு பேருடைய கவலை இல்லை. பத்து பெரெண்டாமில் 1973-லேயே சிப் தொழிற்சாலை வந்துவிட்டது. டுரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நுண்ணோக்கி முன் உட்காருகிறார்கள். கருவிக்கு லட்சக்கணக்கில் ரிங்கிட் ஒதுக்கும் இடத்தில், கணினியை மட்டும் மிச்சப் பணத்தில் வாங்கும் வழக்கம் இருக்கிறதே, அதைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன். ஆள் பக்கத்தில் இருந்து எடுக்கும்போது கணினி தடுமாறினால் கை கொடுத்துவிடலாம். தானியங்கி வேலையில் யார் கை கொடுப்பது?

முதல் கண்ணி இப்போதே காத்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. "அதனாலென்ன, 11-ஐப் போட்டுவிடுவோம்" என்று நுண்ணோக்கிக் கணினியில் கை வைத்துவிடாதீர்கள்! கருவியை இயக்கும் மென்பொருளும் உள்ளே செருகியிருக்கும் அட்டைகளும் குறிப்பிட்ட பதிப்புக்கென்றே சோதிக்கப்பட்டவை. கருவி விற்றவர் எழுத்தில் சம்மதிக்காமல் மாற்றினால், கருவியே கணினியோடு பேச மறுக்கலாம்.

மாற்றவும் கூடாது, அப்படியே இணையத்தில் விடவும் கூடாது. தனித்து வைப்பதுதான் வழி. கருவியை இயக்க ஒரு கணினி, கேமராவுக்கு ஒன்று, சேமிக்கவும் அலசவும் இன்னொன்று. முதல் இரண்டுக்கும் வெளி இணையம் வேண்டாம், பென் டிரைவும் வேண்டாம். தைவானின் டிஎஸ்எம்சி எவ்வளவு பெரிய சிப் நிறுவனம்! 2018 ஆகஸ்டில் புதிதாக வந்த ஒரு கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் வலையில் சேர்த்ததால், வானாக்ரை வகை வைரஸ் ஆலைகளுக்குள் பரவி உற்பத்தியே தடைபட்டது. அவர்களுக்கே அந்தக் கதி.

அடுத்து, கணக்கு. நாலாயிரத்துச் சொச்சம் புள்ளி நீளம், அதே அகலம் கொண்ட 16 பிட் படம் ஒன்று சுமார் 33 மெகாபைட். ஆயிரம் எடுத்தாலும் பயமில்லை. உயிரியல் பக்கம் போனால் கதை வேறு. அங்கே கேமரா ஒரே இடத்தை 40 சட்டகம் கொண்ட குறும்படமாக எடுக்கும். ஒவ்வொரு குறும்படமும் 1.3 கிகாபைட்டுக்கு மேல். மணிக்கு 200 எடுத்தால் 12 மணி நேரத்தில் சுமார் 3.2 டெராபைட். இதைப் பழைய 100 மெகாபிட் வலை சுவிட்ச் வழியே அனுப்பினால் சுமார் மூன்று நாள் ஆகும். ஒரு கிகாபிட் என்றால் ஏழெட்டு மணி நேரம். பத்து கிகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்குள், ஆனால் வாங்கிக்கொள்ளும் வட்டும் அந்த வேகத்துக்கு எழுத வேண்டும். மலிவு எஸ்எஸ்டி முதல் சில நிமிடம் பறக்கும். உள்ளிருக்கும் தற்காலிக இடம் நிரம்பியதும் மாட்டுவண்டியாகிவிடும். கடையில் காட்டும் வேகத்தை நம்பி ஏமாறாதீர்கள்.

ஆபத்து வானத்திலிருந்தும் வரும். தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா காற்று பெரும்பாலும் விடியற்காலையில்தான் இடியோடு அடிக்கும். நம் கருவி ஆளில்லாமல் ஓடும் அதே நேரம்! கணினிக்கு மட்டும் யூபிஎஸ் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். நடுவில் இருக்கும் சின்ன சுவிட்ச் சுவரில் நேராகச் செருகியிருக்கும். அது அணைந்தால் படம் போகும் வழியே அடைபட்டுவிடும். சுவிட்ச், கேமரா, சேமிப்புப் பெட்டி எல்லாவற்றையும் யூபிஎஸ்ஸில் சேருங்கள்.

பல வட்டுகளைச் சேர்த்து வைக்கும் ரெய்டு இருக்கிறதே என்று சொல்வார்கள். ஒரு வட்டு செத்தால் அது காப்பாற்றும், தவறான கட்டளையிலிருந்து காப்பாற்றாது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கணினியில், காப்புப் பிரதி எடுக்கும் நிரலில் செய்த ஒரு மாற்றம் கோளாறாகி, 77 டெராபைட், சுமார் 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. வலையோடு ஒட்டாத இன்னொரு பிரதி கட்டாயம் வேண்டும்.

கொள்முதல் எழுதும் விரிவுரையாளர்களே, பொறியாளர்களே, கருவியை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு ராத்திரி கேளுங்கள். உள்ளே வெறும் மாதிரியை வைத்து, முழு வேகத்தில், 12 மணி நேரம், ஆளில்லாமல் ஓட விடச் சொல்லுங்கள். காலையில் எத்தனை படம் எடுத்ததாகப் பதிவு, எத்தனை கோப்பு வட்டில் கிடக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.