கேலரி போட்டோ செல்லாது பாஸ்!

நாவலூர் டோல்கேட்ல வசூல் 2023 அக்டோபரோட நின்னுபோச்சு. ஆனா ஓ.எம்.ஆர்-ல 'வண்டியை ஓரங்கட்டு' மட்டும் நிக்கலை! போன மாசம் மாட்டினது நான். செல்போன்ல எடுத்து வெச்சிருந்த லைசென்ஸ் போட்டோவை கெத்தா நீட்டினேன். 'இது செல்லாது தம்பி'ன்னுட்டார் போலீஸ்காரர். செம கடுப்பு. ரூமுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினா, அவர் சொன்னதுதான் கரெக்ட்!

2017 செப்டம்பர்ல 'ஒரிஜினல் லைசென்ஸ் கட்டாயம்'னு தமிழக அரசு சொன்னப்போ, தொலைஞ்சா என்ன பண்றதுன்னு ஊரே அலறுச்சே, ஞாபகம் இருக்கா? அடுத்த வருஷம் நவம்பர்ல மத்திய மோட்டார் வாகன விதி 139-ஐத் திருத்தினாங்க. லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று... எல்லாத்தையும் எலெக்ட்ரானிக் வடிவத்துலயும் காட்டலாம். ஆனா டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் ஆப்ல இருந்து காட்டணும். நீங்களே ஸ்கேன் பண்ணி டிஜிலாக்கர்ல ஏத்தினதும் கணக்குல வராது. 'இஷ்யூட்' பகுதியில வந்து உட்கார்ந்திருக்கணும்.

ஃப்ரெண்டு வண்டியை ஓசி வாங்கிட்டு சிறுசேரி பக்கம் பறக்கிற பார்ட்டியா நீங்க? உங்க லைசென்ஸ் உங்ககிட்ட இருக்கும். ஆர்.சி. அவன் போன்ல, அவன் ஹாஸ்டல்ல தூங்கிட்டு இருப்பான். சாவியோட சேர்த்து அதையும் கேட்டு வாங்கிக்குங்க!