எரிந்தது 337 டன். மண்ணில் இருப்பது 11 லட்சம் டன்!
போபால் விஷ ஆலை நிலம் எப்போது சுத்தமாகும்?

போபால் யூனியன் கார்பைடு ஆலையில் கிடந்த விஷக் கழிவு, 2025-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி அதிகாலையோடு எரிந்து முடிந்தது. "அப்பாடா, 40 வருஷத்துப் பீடை ஒழிஞ்சது" என்று பலரும் மூச்சு விட்டார்கள்.

ஒழிந்ததா? அதுதான் இல்லை!

எரித்தது, ஆலை ஷெட்டுக்குள் சேர்த்து வைத்திருந்த சரக்கு மட்டும்தான். மண்ணுக்குள் இறங்கிய விஷம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

2 விஷம்

போபால் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு. சுமார் 40 டன் விஷவாயு ஊருக்குள் புகுந்தது. தூங்கியவர்கள் தூக்கத்திலேயே செத்தார்கள். ஆயிரக்கணக்கில் பிணம் விழுந்தது.

அந்த வாயு காற்றோடு போய்விட்டது. ஆனால் அதற்கு முன்பே இன்னொரு விஷம் சத்தம் இல்லாமல் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆலை தொடங்கியது 1969-ல். பூச்சி மருந்து தயாரித்தார்கள். மிஞ்சிய கழிவை ஆலை வளாகத்திலேயே கொட்டினார்கள், புதைத்தார்கள். 1977 முதல், கழிவு நீரைக் குழாய் வழியாக வெளியே கொண்டுபோய், குளம் போல் வெட்டி, வெயிலில் காய வைத்தார்கள். குளத்தின் அடியில் போட்டிருந்த விரிப்பு கசிந்தது. நிலத்தடி நீர் கெட்டது.

அதாவது, அந்த இரவு விபத்தே நடக்காமல் இருந்தாலும் இந்தத் தண்ணீர் கெட்டுத்தான் போயிருக்கும்!

ஆலைக்கு எதிரே ஜெயப்பிரகாஷ் நகர். சுற்றிலும் ஏழை ஜனங்களின் குடிசைகள். வாயுவில் தப்பியவர்கள் அடி பம்பில் அடித்துக் குடித்த தண்ணீரில் மாட்டிக்கொண்டார்கள். இவர்களுக்கு நல்ல தண்ணீர் கொடுக்கச் சொல்லி 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட வேண்டியதாயிற்று.

விமானத்தில் ஏறாத கழிவு

கழிவை என்ன செய்வது என்று சர்க்கார் வருஷக்கணக்கில் தடுமாறியது. 2012-ல் ஒரு திட்டம் வந்தது. ரூ.25 கோடி செலவில் விமானத்தில் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பி, அங்கே எரிப்பது என்று முடிவானது. ஜெர்மனியில் எதிர்ப்பு கிளம்பியது. திட்டம் கைவிடப்பட்டது.

நம்ம கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு சுமார் 290 டன் 2003-ல் அமெரிக்காவுக்கே கப்பல் ஏறியது. போபால் கழிவுக்கு அந்த யோகம் இல்லை.

கடைசியில் 2024 டிசம்பர் 3-ந் தேதி மத்தியப் பிரதேச ஐகோர்ட்டு கண்டிப்புக் காட்டியது. "4 வாரத்தில் அகற்று" என்று உத்தரவிட்டது.

2025 புத்தாண்டு இரவு 12 கன்டெய்னர் லாரிகள் போலீஸ் காவலோடு புறப்பட்டன. சுமார் 250 கிலோ மீட்டர் தாண்டி பீதம்பூர் போய்ச் சேர்ந்தன. மறுநாளே அந்த ஊர் கொந்தளித்தது. "போபால் விஷம் எங்களுக்கு எதுக்கு?" என்று கடைகளை அடைத்தார்கள். 2 பேர் தீக்குளிக்க முயன்று காயம் அடைந்தார்கள்.

அந்த 337 டன்னில் 162 டன் மண். மீதி, பூச்சி மருந்தும் அதன் மிச்சசொச்சமும். முதலில் 30 டன்னை எரித்துப் பார்த்தார்கள். பிறகு மணிக்கு 270 கிலோ என்ற கணக்கில் மீதியையும் எரித்தார்கள். மொத்தச் செலவுக்கு ஒதுக்கியது ரூ.126 கோடி.

எரித்தால் எடை குறையும் என்றுதானே நினைப்போம்? கூடிவிட்டது! விஷத்தை முறிக்கச் சுண்ணாம்பு முதலியவற்றைச் சேர்த்ததால், மிஞ்சிய சாம்பலும் கசடும் 850 டன்னுக்கு மேல். அதையும் பத்திரமாகப் புதைத்தாக வேண்டும்.

மண் கணக்கு

இனி பெரிய கணக்குக்கு வருவோம். மத்திய சர்க்காரின் 2 ஆராய்ச்சி நிலையங்கள் 2010-ல் நிலத்தைச் சோதித்தன. கெட்டுப்போன மண் சுமார் 11 லட்சம் டன் என்று மதிப்பிட்டன. எரித்த 337 டன்னோடு ஒப்பிட்டால், அதைப் போல் 3 ஆயிரம் மடங்குக்கும் மேல்!

இவ்வளவு மண்ணையும் உலையில் போட முடியாது. தோண்டி எடுத்து, அடியிலும் மேலும் கசியாத விரிப்புப் போட்ட குழியில் அடைக்க வேண்டும். நிலத்தடி நீரை இறைத்து, வடிகட்டி, சோதித்து, மறுபடியும் இறைக்க வேண்டும். அது பல வருஷ வேலை.

செலவு யார் தலையில்? 1989-ல் கம்பெனி 47 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. 1998-ல் குத்தகை நிலம் மாநில சர்க்காரிடம் திரும்பி வந்தது. 2001-ல் யூனியன் கார்பைடை 'டவ்' கம்பெனி வாங்கியது. சுத்தம் செய்யும் பொறுப்பை அது ஏற்க மறுத்தது. கைமாறக் கைமாற, பொறுப்பு மட்டும் யார் கையிலும் நிற்கவில்லை.

அந்த இடத்தில் நினைவகம் கட்ட வேண்டும் என்ற பேச்சு உண்டு. கட்டட்டும், நல்லதுதான். ஆனால் முதலில் மண்ணும் தண்ணீரும் சுத்தமாக வேண்டும். அப்புறம்தான் அஸ்திவாரம். விஷத்தின் மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் குடிக்கிற ஜனங்களுக்குத் தெரியும்!