கடல்வழியைக் காத்த நேச நாடுகள்

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் எப்படி வென்றன? நாம் தரைப் போர்க்களங்களையே நினைக்கிறோம். ஆனால், அட்லாண்டிக் கடல்வழி அடைபட்டிருந்தால் பிரிட்டன் உணவும் எண்ணெயும் இன்றித் தத்தளித்திருக்கும். 1943 மார்ச்சில்கூட ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கூட்டங்கூட்டமாக வந்து சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன.

அடுத்த இரண்டே மாதங்களில் நிலைமை தலைகீழானது. பிரிட்டன் எதிரியின் இரகசியக் குறியீடுகளை உடைத்தது. புதிய ரேடார் இருளிலும் நீர்மூழ்கிகளைக் காட்டிக் கொடுத்தது. அமெரிக்கத் தயாரிப்பான நெடுந்தூர விமானங்கள் நடுக்கடலைக் காவல் காத்தன. கனடாவின் கப்பல்களும் துணை நின்றன. மே மாதத்தில் மட்டும் சுமார் 40 நீர்மூழ்கிகள் அழிந்தன. ஜெர்மானியத் தளபதி டோனிட்ஸ் எஞ்சியவற்றைப் பின்வாங்கச் செய்தார்.

அவ்வழியே குவிந்த படைகளும் தளவாடங்களும்தான் 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டித் தரையிறக்கத்திற்கு வழிவகுத்தன. இதற்காகப் பல்லாயிரம் வணிகக் கப்பல் மாலுமிகள் உயிரிழந்தனர். அவர்களில் இந்தியர்களும் உண்டு. ஒற்றுமையின் வெற்றியைப் பேசும்போது, அவர்களையும் நினைவில் கொள்வோம்.