முயல் குட்டி சில்லிட்டுக் கிடக்கிறதா? முதலில் சூடு, அப்புறம்தான் பால்

காலையில் கூண்டைத் திறந்தால் ஏழு குட்டிகள். ஆறு, தாய் உதிர்த்த ரோமத்துக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்று மட்டும் தள்ளிப்போய் சில்லிட்டிருக்கிறது. ‘ஐயோ, பசிச்சிருக்குமே’ என்று இங்க் ஃபில்லரில் பசும்பாலை எடுப்பதுதான் பலர் செய்யும் தவறு.

பிறந்த குட்டிக்கு ரோமம் கிடையாது. கண் திறக்கவே சுமார் 10 நாள் ஆகும். உடல் குளிர்ந்திருந்தால் வயிறு பாலைச் செரிக்காது. புரையேறினால் உயிருக்கே ஆபத்து. பசும்பாலைவிட முயல் பாலில் கொழுப்பும் புரதமும் மிக அதிகம் என்பது வேறு விஷயம்.

எனவே முதலில் உள்ளங்கைக்குள் பொத்தி வையுங்கள். அல்லது, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் அருகே வையுங்கள். உடல் வெதுவெதுப்பாகி நெளியத் தொடங்கியதும் மற்ற குட்டிகளோடு சேர்த்துவிடலாம். மனித வாசம் பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வீட்டு முயல்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது.

‘தாய் பக்கத்துலயே போகலையே’ என்ற கவலையும் வேண்டாம். முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒரே முறை, சில நிமிடங்கள்தான் பாலூட்டும். வயிற்றைப் பாருங்கள். உருண்டிருந்தால் குடித்திருக்கிறது, தோல் சுருங்கியிருந்தால் குடிக்கவில்லை. அப்போது தாயைப் பிடித்துக்கொண்டு குட்டியைக் காம்பில் விடலாம். அதே வயதுக் குட்டிகள் உள்ள வேறொரு தாயிடமும் சேர்க்கலாம்.

குட்டி குளிரில் வாடியதை ரோமமே காட்டிக்கொடுப்பதும் உண்டு. ஹிமாலயன் ரகத்தில் கருநிறத்தை உருவாக்கும் நொதி, குளிர்ந்த இடத்தில்தான் வேலை செய்யும். காது, மூக்கு, கால், வால் மட்டும் கறுப்பது அதனால்தான். குட்டியிலேயே குளிர் பட்டால் வெள்ளை உடம்பில் சாம்பல் சாயல் படியும். பயம் வேண்டாம், ரோமம் உதிர்ந்து முளைக்கும்போது அது போய்விடும்.

எல்லாப் பலவீனமும் குளிரால் வருவதில்லை. புள்ளி போட்ட ‘இங்கிலீஷ் ஸ்பாட்’ இரண்டை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி புள்ளி குறைந்து, வெளிறிய ‘சார்லி’யாகப் பிறக்கும். இவற்றில் சில, குடல் கோளாறால் சரியாக வளராது.

குள்ள ரகங்களில் நிலைமை இன்னும் மோசம். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் குள்ள மரபணுவைப் பெற்ற குட்டிக்குப் பெயர் ‘பீநட்’. பெரிய தலை, குட்டிக் காது, ஒடுங்கிய இடுப்பு. எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் பெரும்பாலும் சில நாட்களில் இறந்துவிடும். வளர்த்தவர் மேல் தப்பில்லை. அடுத்த ஈற்றுக்கு, ஜோடியில் ஒன்றாவது குள்ள மரபணு இல்லாத முயலாக இருக்கட்டும்.