முதலப்பொழி: சுவர் நின்றது, மணல் நிற்கவில்லை

2025 ஏப்ரலில், திருவனந்தபுரம் மாவட்டம் முதலப்பொழியில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடியோடு அடைபட்டது. படகுகள் கடலுக்குப் போக முடியவில்லை. காயல் நீர் வெளியேற வழியில்லாமல் கரையோர ஊர்களுக்கு வெள்ள பயம் வந்தது. மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மண் அள்ளும் இயந்திரங்களும் தூர்வாரும் கப்பலும் வரவழைக்கப்பட்டன. இத்தனைக்கும், அந்த வாய் அடைபடக் கூடாது என்றுதான் இருபுறமும் கருங்கல் சுவர்கள் கட்டியிருந்தார்கள்.

கடினங்குளம் காயலும் வாமனபுரம் ஆறும் கடலில் சேரும் இடம் இது. பொழி எனப்படும் இத்தகைய முகத்துவாரங்கள் கோடையில் மூடுவதும் மழையில் உடைத்துக்கொண்டு திறப்பதும் இயற்கை. ஆனால் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஆண்டு முழுக்க வழி வேண்டும். இரு சுவர்களுக்கு நடுவே வாயைக் குறுக்கினால், கடல் ஏறி வற்றும்போது போய்வரும் நீர் வேகமெடுத்து மணலைத் தானே வெளியே தள்ளும் என்பது பொறியாளர்களின் கணக்கு. காயல் பரந்து கிடந்தால்தான் அந்தக் கணக்கு பலிக்கும். காயலைத் தூர்த்து நிலமாக்க ஆக்க, வாயைக் கழுவும் நீரின் வலுவும் குறையும்.

ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் இழப்பு

சாய்வாக வந்து மோதும் அலை, மணலைக் கரையோரமாகவே நகர்த்திச் செல்கிறது. குறுக்கே சுவர் எழுந்தால் மணல் வரும் பக்கம் கரை வளரும். அடுத்த பக்கம் தேயும். முதலப்பொழிக்குத் தெற்கே பெருமாதுறையில் கடற்கரை அகன்றது. வடக்கே தாழம்பள்ளி, அஞ்சுதெங்கு பக்கம் வீடுகளைக் கடல் கொண்டுபோனது. தெற்குப் பக்கம் நிரம்பியதும் மணல் சுவரின் நுனியைச் சுற்றிக்கொண்டு வாய்க்குள் நுழைகிறது. அங்கே சேரும் திட்டின்மேல் அலை உடைகிறது, படகு கவிழ்கிறது. இங்கே உயிரிழந்த மீனவர்கள் அறுபதுக்கும் மேல்.

தமிழ்நாட்டுக்கு இது பழைய பாடம். 1870களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கிய பிறகு, தெற்கே மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரித்தது. 1980களின் இறுதியில் புதுச்சேரி துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், நகரத்துக் கடற்கரையில் மணல் போய்க் கருங்கல் மிஞ்சியது. கரையைக் காக்க ஓர் ஊரில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டால், அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது. அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்டு மறியலில் உட்காருகிறது.

மலையிலேயே தொடங்கும் பற்றாக்குறை

கடற்கரை மணலில் பெரும்பங்கு ஆறுகள் கொண்டுவருவது. இடுக்கி மலைகளிலிருந்து பெரியாறும், பாலக்காடு வழியாகப் பாரதப்புழையும் இறக்கிவந்த மணலில் ஒரு பகுதியை அணைகள் மறித்தன. ஆற்றுமணல் அள்ளியவர்கள் இன்னொரு பகுதியை எடுத்தார்கள். கடலுக்கு வரும் மணலே குறைந்துவிட்ட காலத்தில், கரையோரம் நகரும் மிச்சத்தையும் சுவர் பிடித்துவைத்தால் அடுத்த ஊர்க் கரை எதைக்கொண்டு நிற்கும்?

இதற்கு வழி இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில், கடற்கழி வாயில் சுவர்கள் கட்டியபோதே மணல் இறைக்கும் அமைப்பையும் சேர்த்துக் கட்டினார்கள். 1986 முதல் அது தெற்கே சேரும் மணலை ஆண்டுதோறும் சுமார் 5 லட்சம் கன மீட்டர் அளவுக்குக் குழாய் வழியே வடக்குக் கரைக்கு அனுப்புகிறது.

முதலப்பொழிக்கு இப்போது 177 கோடி ரூபாய்த் திட்டம் வந்திருக்கிறது. தெற்குச் சுவரை நீட்டுவதும் அதில் ஒன்று. நீட்டிய சுவரின் பின்னும் ஒருநாள் மணல் நிரம்பும். பழவேற்காட்டு முகத்துவாரத்திலும் சுவர் எழுப்பும் வேலை நடந்திருக்கிறது. அது மணலை மறித்தால் தேயக்கூடியது வடக்கே, ராக்கெட் ஏவுதளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவின் கரை. இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஆண்டுதோறும் மணலை மறுபக்கம் சேர்க்கப்போவது யார், அதற்கு எந்தக் கணக்கில் பணம்? ஒப்பந்தப் புள்ளியிலேயே அதற்குப் பதில் எழுதாத சுவருக்கு அனுமதி தரக் கூடாது.