கால்பந்தாட்டத்தில் நம் நாட்டின் பழங்கணக்கு



ஆசிரியப் பணியில் இருந்த 32 ஆண்டுகளும் நான் என் மாணவர்களுக்கு ஒரு கதையைத் தவறாமல் சொல்லி வந்தேன். 1950-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் ஆடும் தகுதி நம் இந்திய அணிக்குக் கிடைத்தது; ஆனால் நம்மவர் வெறுங்காலால் ஆடும் வழக்கமுடையவர் என்பதால் சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனம் அவர்களைத் தடுத்துவிட்டது என்பதே அக்கதை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் சொல்லக் கேட்டது அது. எங்கள் ஊர்த் திடலில் வெறுங்காலால் பந்தை உதைத்தவன் ஆதலின், அக்கதையின்மீது எனக்கு ஒரு தனிப் பற்று இருந்தது. ஏழை நாட்டுக்குப் பணக்கார உலகம் இழைத்த அநீதி என்று சொல்லி முடிக்கும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஐயா, வெறுங்காலுக்காக 1950-இல் தடுத்தவர்கள், 1952-ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்மவரை வெறுங்காலோடு எப்படி ஆடவிட்டார்கள்?" என்று கேட்டான். ஒலிம்பிக் கால்பந்தும் அதே சம்மேளனத்தின் விதிகளின்படியே நடப்பது. எனக்கு விடை தெரியவில்லை. மணி அடித்தது, நான் தப்பித்துக்கொண்டேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில், தகுதி எவ்வாறு கிடைத்தது என்பதைக் காண்போம். நம்மோடு ஒரே தொகுதியில் பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகள் இருந்தன. அவை யாவும் விலகிக்கொண்டன. ஆகவே ஒரு பந்தையும் உதைக்காமலே நாம் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றோம். இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகியவற்றுடன் நம் பெயரும் ஒரே பிரிவில் சேர்க்கப்பட்டது. ஆனால் நாம் போகவில்லை. நெடுந்தொலைவுக் கப்பற்பயணம், செலவு, பயிற்சிக்குப் போதிய காலம் இன்மை, ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதில் எழுந்த கருத்து வேறுபாடு எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. செலவின் பெரும்பகுதியை ஏற்கப் பிரேசில் நாட்டவர் முன்வந்தனர் என்பதும் கூறப்படுவதே. அக்காலத்து அணியின் தலைவர் சைலேன் மன்னா, தம் முதுமையில் இதுபற்றிப் பேசியபோது, தங்களுக்கு ஒலிம்பிக்கே எல்லாமாக இருந்தது என்றும், உலகக் கோப்பையின் பெருமையை அப்போது தாங்கள் அறியவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். காலணிக் கதை பின்னர் வந்து ஒட்டிக்கொண்ட சாக்கு என்பதே இதிலிருந்து புலனாகின்றது.

இதை அறிந்தபோது நான் வருந்தினேன். அநீதிக்கு ஆளானோம் என்னும் கதையில் நமக்கு ஒரு பெருமை இருந்தது. கதவு திறந்திருந்தும் நாமே நுழையவில்லை என்னும் உண்மையில் அப்பெருமை இல்லை. இத்தனை ஆண்டு இத்தனை வகுப்புகளில் நான் பிள்ளைகளுக்கு ஊட்டியது உண்மையன்று, ஆறுதல்.

வெறுங்கால் ஆட்டம் மட்டும் கதையன்று. அது முற்றிலும் உண்மை. 1948-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள், இலண்டனை அடுத்த இல்போர்டு என்னும் ஊரில், விடுதலை பெற்ற இந்தியாவின் அணி பிரான்சு அணியை எதிர்த்து ஒலிம்பிக்கில் ஆடியது. நாகர் இனத்தைச் சேர்ந்த மருத்துவர் தாலிமெரன் ஆவ் தலைவர். நம்மவருள் பெரும்பாலோர் கணுக்காலில் துணிப்பட்டி சுற்றி வெறுங்காலால் ஆடினர். காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்தின் உருளலும் திருப்பமும் நன்கு புலப்படும். விரலாலேயே பந்தை இழுத்துத் திருப்பலாம். பிரான்சு முதலில் ஒரு கோல் போட, 70-ஆம் நிமிடத்தில் மைசூர் ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். விடுதலைக்குப் பின் நம் நாட்டுக்காகப் போடப்பட்ட முதல் கோல் அதுவே. கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளை நம்மவர் வீணாக்கினர். 89-ஆம் நிமிடத்தில் பிரான்சு இரண்டாவது கோலைப் போட்டு வென்றது. அந்த 89 என்னும் எண்ணைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1951-இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றோம். கோல் போட்டவர் மேவாலால். மறு ஆண்டே எல்சிங்கியில் யுகோசுலாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். குளிர்ந்த, ஈரமான புல்தரையில் வெறுங்கால் வழுக்கும் அன்றோ? அதன் பின்னரே நம் நாட்டுச் சம்மேளனம் காலணியைக் கட்டாயமாக்கியது. ஆனால் பத்துக் கோலுக்கும் காலணியே காரணம் என்று எண்ணிவிடலாகாது. ஊதியத்துக்கு ஆடுவோர் ஒலிம்பிக்கில் சேர இயலாத காலம் அது. மேற்கு ஐரோப்பிய நாடுகள் தம் சிறந்த ஆட்டக்காரரை அனுப்ப முடியவில்லை. பொதுவுடைமை நாடுகளிலோ ஆட்டக்காரர் யாவரும் பெயரளவில் படைவீரர் அல்லது தொழிலாளர்; ஆதலின் அந்நாடுகள் தம் முழு வலிமையுடன் வந்தன. நம்மைத் தோற்கடித்த யுகோசுலாவியா அடுத்த சுற்றில் சோவியத்து நாட்டுடன் 5-5 என்று சமன் செய்து, மறு ஆட்டத்தில் வென்று, இறுதியில் அங்கேரியிடம் மட்டுமே தோற்றது. இவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் 10-1 என்னும் எண்ணின் பொருள் விளங்கும்.

பட்டியலின் எண்களை மட்டும் நம்புவோர் எவ்வாறு ஏமாறுவர் என்பதற்கு 1956-ஐயும் 1960-ஐயும் அருகருகே வைத்துக் காட்டுகின்றேன். மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாம் நான்காம் இடம் பெற்றோம். இன்றுவரை நம் உச்சம் அதுவே என எல்லா நூல்களிலும் காணலாம். அப்போட்டியில் ஆடியவை 11 அணிகளே. முதற் சுற்றில் நம்மை எதிர்க்க வேண்டிய அங்கேரி விலகியதால் நாம் நேரே கால் இறுதிக்குச் சென்றோம். அங்கே ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். பம்பாய் ஆட்டக்காரர் நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் அவ்வாறு செய்த முதல் ஆசியர் அவர். நான்காவது கிட்டு போட்டது. அரை இறுதியில் யுகோசுலாவியாவுக்கு எதிராக நெவிலின் கோலால் நாமே முன்னிலை பெற்றோம். ஆனால் சில நிமிடங்களுக்குள் நிலை தலைகீழாகி 4-1 என்று முடிந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா 3-0 என்று வென்றது. ஆக, ஒரு வெற்றி, இரண்டு தோல்வி, இடம் நான்கு. அந்த ஒரு வெற்றி தற்செயல் என்று எவரும் எண்ண வேண்டா. சில நாள் கழித்துச் சிட்னியில் அதே ஆஸ்திரேலியாவை 7-1 என்று நம்மவர் வீழ்த்தினர்.

நான்கு ஆண்டு கழித்து ரோமாபுரியில் பி. கே. பானர்ஜியின் தலைமையில் சென்ற அணி, தன் பிரிவில் கடைசி இடம் பெற்றது. பட்டியலைப் பார்ப்பவன் சரிவு என்பான். ஆனால் அப்பிரிவில் இருந்தவை அங்கேரி, பிரான்சு, பெரு. அவ்வாண்டு வெண்கலம் வென்ற அங்கேரியிடம் 2-1 என்ற அளவிலேயே தோற்றோம். கோல் போட்டவர் துளசிதாஸ் பலராம். பிரான்சுக்கு எதிராகப் பானர்ஜியின் கோலால் முன்னிலையில் இருந்து, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் அவர்கள் சமன் செய்ய, 1-1 என்று முடிந்தது. பெருவிடம் 3-1 என்று தோற்றோம். என்னைக் கேட்டால், மெல்போர்னின் நான்காம் இடத்தைவிட ரோமின் கடைசி இடமே உயர்ந்த ஆட்டம் என்பேன். 1964-இல் ஆசியக் கோப்பையில் நாம் பெற்ற இரண்டாம் இடத்தையும் இவ்வாறே நிறுக்க வேண்டும்: பல நாடுகள் விலகியபின் எஞ்சி ஆடியவை நான்கே அணிகள்.

இலண்டனில் 89-ஆம் நிமிடத்திலும் ரோமில் இறுதிக் கட்டத்திலும் பந்து நம் வலைக்குள் புகுந்தது ஏன்? அக்காலத்தில் நம் உள்நாட்டுப் போட்டிகள் பல 70 நிமிடமே நடந்தன. உலகம் ஆடியதோ 90 நிமிடம். 70 நிமிடத்துக்குப் பழகிய உடல் கடைசி 20 நிமிடங்களில் தளர்வது இயற்கை. காலணியைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் கடிகாரத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

இவ்வணிகளைப் பயிற்றுவித்த ஐதராபாத்துக்காரர் சையது அப்துல் ரகீம் தொடக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியர். இதைச் சொல்லும்போது எனக்குச் சிறிது கர்வம் உண்டு, பொறுத்தருள்க. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியே அவர் பணியின் முடி. இசுரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்தது. அப்படியானால் இதை ஆசியப் போட்டி என்று அழைத்தல் தகாது என்று இந்தியப் பிரதிநிதி ஜி. டி. சோந்தி வாதிட்டார். ஊரே நமக்குப் பகையாயிற்று. நம் தூதரகம் தாக்கப்பட்டது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்ற நம் அணி, பின்னர்த் தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும், அரை இறுதியில் தென்வியட்நாமை 3-2 என்றும் வென்று, செப்டம்பர் 4-ஆம் நாள் மீண்டும் தென்கொரியாவின் எதிரே நின்றது. ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நிறைந்த அரங்கம் நம்மவரை இகழ்ந்து கூச்சலிட்டது. நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஆக்கி அணியினரே என்று நம் ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர்.

ரகீம் அன்று செய்தது துணிச்சலான செயல். தற்காப்பு ஆட்டக்காரரான ஜர்னைல் சிங், தலையில் காயம் பட்டுத் தையல் போடப்பட்டிருந்தவர். அவரை அரை இறுதி முதலே முன்னணியில் நிறுத்தியிருந்தார். இறுதி ஆட்டத்திலும் அவ்வாறே நிறுத்தினார். 17-ஆம் நிமிடத்தில் பானர்ஜியும் 20-ஆம் நிமிடத்தில் ஜர்னைலும் கோல் போட்டனர். நம் கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியர் ஒரு கோல் போட்டனர். ஆனால் இம்முறை நம்மவர் கடைசி நிமிடம்வரை தாங்கிக்கொண்டனர். 2-1. சுனி கோஸ்வாமியின் தலைமையில் அணி தங்கம் பெற்றது. புற்றுநோயால் துன்புற்ற ரகீம் 1963-ஆம் ஆண்டு சூன் திங்களில் காலமானார்.

பிற்காலத்தை விரைந்து சொல்லிவிடுகின்றேன். 1970-இல் பாங்காக்கில் ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம் பெற்றோம். ரோமுக்குப் பின் 2024 வரை எந்த ஒலிம்பிக்கிலும் நம் கால்பந்து அணி ஆடவில்லை. ஆசியக் கோப்பையின் இறுதிச் சுற்றில் 1964-க்குப் பின் நமக்குக் கிடைத்த முதல் வெற்றி 2019-ஆம் ஆண்டு சனவரியில் அபுதாபியில் வந்தது. எதிர் அணி தாய்லாந்து. கோல் கணக்கு, ஜகார்த்தாவில் போலவே, 4-1. இரண்டு கோல் சுனில் சேத்ரி போட்டவை. அடுத்த ஆட்டத்தில் ஐக்கிய அரபு நாட்டிடம் 2-0 என்று தோற்றபின்னும், மூன்றாம் ஆட்டத்தில் பகரைன் அணியுடன் சமன் செய்தாலே அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம் என்ற நிலை இருந்தது. 90 நிமிடம்வரை இரு பக்கமும் கோல் இல்லை. 91-ஆம் நிமிடத்தில் பகரைனுக்கு ஒரு பெனால்டி உதை கிடைத்தது. பந்து வலைக்குள் சென்றது.